நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம்

நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம் என்பது தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டம், ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையம் அருகே அமைந்துள்ள ஈரநிலம் ஆகும். இதன் பரப்பளவு 125.865 எக்டேர். பின்னலாடைத் தொழில் நகரை ஒட்டிய இக்குளம் பாசனத்திற்கும் நிலத்தடி நீர் பெருகுவதற்கும் பயன்படுகிறது.

வரலாறு

பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் மன்னர் இக்குளத்தைச் சீரமைத்ததாகக் கூறப்படுகிறது. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் 17 ஆவது பறவைகள் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டது. 2024 ஆகத்து மாதத்தில், விழுப்புரம் மாவட்டக் கடலோர ஈரநிலமான கழுவேலியுடன் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நீர்வளமும் மாசும்

நொய்யலின் துணையாறான நல்லாற்றில் வரும் மழைவெள்ளமே இதன் முதன்மை நீராதாரம். நல்லாறு நகர்ப்பகுதி வழியே வருவதால் கழிவுநீரும் உடன் கலக்கிறது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரை வெளியேற்றாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஆலைகளே இயங்க அனுமதிக்கப்பட்டன. எனினும் வீட்டுக் கழிவுநீரைத் தடுப்பதைப் பொறுத்தே குளத்தின் எதிர்காலம் அமையும்.

உயிரினங்கள்

இங்கு 191 பறவை இனங்களும், 87 வண்ணத்துப்பூச்சி இனங்களும், 21 ஊர்வன இனங்களும், 77 தாவர இனங்களும் பதிவாகியுள்ளன.

பறவை நோக்கல்

சரணாலயத்தை ஒரே பகலில் சுற்றிப் பார்க்கலாம். வலசைப் பறவைகள் வந்து தங்கும் குளிர்காலமே இதற்கு ஏற்றது. ஆழமற்ற கரையோரங்களில் கொக்குகளும் நாரைகளும் இரை தேடும். நடுநீரில் நாமக்கோழிகளும் கூழைக்கடாக்களும் மிதக்கும். இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் நீர்நிலையில் ஓய்வெடுக்கும். மாலையில் நீர்க்காகங்கள் மரங்களில் அடையத் திரும்பும்.