ஒலால்லாவின் பட்டினி வீடு

சியாட்டிலில் வேலை பார்த்தபோது என் அறைத்தோழன் முதுகுவலிக்கு ஒரு இயற்கை மருத்துவரிடம் போவான். சுவரில் வாஷிங்டன் மாநில உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஊரில் ஒருத்தர் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திய என் பெரியம்மா ஆறு மாதம் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். "இவங்க என்னடா செய்யலாம், என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சட்டத்தை வாசிக்கப்போய் லிண்டா ஹஸார்டிடம் வந்து சேர்ந்தேன்.

ஹஸார்டுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. ஆனால் உரிமம் இருந்தது. பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிலரையும் சேர்த்துக்கொள்ள அன்றைய மாநிலச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. (பழைய யூசர் என்பதற்காக அட்மின் அக்சஸ் கொடுப்பதுபோல. என் தொழிலில் இதற்கு ஆளை வேலையைவிட்டே தூக்குவார்கள்.)

அவருடைய ஒரே மருந்து பட்டினி. 1911ல் கிளேர், டோரா வில்லியம்சன் என்ற பணக்கார பிரிட்டிஷ் சகோதரிகள் வந்தார்கள். தண்ணியாய் ஒரு காய்கறிச் சாறு, மணிக்கணக்கில் எனிமா. பிறகு ஒலால்லா என்ற காட்டோரக் கிராமத்திற்குக் கொண்டுபோனார். மே மாதம் கிளேர் இறந்துபோனார். சிறுவயதிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்ட மார்கரெட் கான்வே வந்து சேர்ந்தபோது டோரா எலும்பும் தோலுமாக இருந்தார். சட்டப்படி டோராவுக்குக் காப்பாளரே ஹஸார்டுதான்! வழக்கு நடத்தக் காசில்லை என்று கவுண்டி கைவிரித்தது. டோராவே செலவை ஏற்றுக்கொண்டார். 1912ல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பு. ஆண் டாக்டர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை ஒடுக்குகிறார்கள் என்பது அவருடைய வாதம். அந்தக் காலத்துக்கு அது முழுக்கப் பொய்யான குற்றச்சாட்டும் இல்லை, அதுதான் சங்கடம்.

இரண்டு வருடம்போலச் சிறை, பிறகு ஆளுநரின் மன்னிப்பு, நியூசிலாந்து.

1919ல் மாநிலம் மருந்தில்லா வைத்தியர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. மருந்து தரக்கூடாது, கத்தி வைக்கக்கூடாது. நல்ல எல்லைதான். ஆனால் ஹஸார்ட் கிளேருக்கு மருந்தும் தரவில்லை, கத்தியும் வைக்கவில்லை. சோறு தரவில்லை, அவ்வளவுதான். கருவியைப் பார்த்துப் போட்ட வேலி இது. எதையும் எடுக்காத கையை அது எப்படித் தடுக்கும்? 1920ல் அவர் அதே ஒலால்லாவுக்குத் திரும்பிவந்து, உரிமமில்லாமல், 'பள்ளி' என்ற பெயரில் பெரிய விடுதி கட்டினார். 1935ல் அது எரிந்தது. 1938ல் தனக்குத்தானே பட்டினி வைத்தியம் செய்துகொண்டு செத்தார். நம்பித்தான் செய்திருக்கிறார். அது என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

இன்றைய உரிமம் 1987ன் இயற்கை மருத்துவச் சட்டத்திலிருந்து வருவது. எழுதியவர்கள் நுணுக்கமானவர்கள். மேலோட்டமான காயத்தைக் கவனிக்கலாம், தோலில் குத்தியதை எடுக்கலாம், ஆனால் கண்ணில் கை வைக்கக்கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அறைத்தோழனிடம் வாசித்துக் காட்டினேன். "சாப்பாட்டைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றான்.

ஊட்டச்சத்தும் உணவு அறிவியலும் அவர்கள் எல்லைக்குள் வரும் என்று இருந்தது. எத்தனை நாள் பட்டினி போடலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை.