சஸ்பென்ஸ் கணக்கும் ஒரு ஆக்சிஜன் சென்சாரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பையன் என்னை போசரியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான். இங்கே புனேயில் இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரியில் கட்டும் பந்தயக் காருக்கு வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்த வேண்டுமாம். ஏற்கெனவே ஒன்று போய்விட்டது. சைலன்சர் குழாயின் அடிப்பக்கம் மாட்டியிருக்கிறார்கள். புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி, சூடான பீங்கான் விரிசல் விட்டது. காசு நம்முடையது, ஆகவே அக்கறையும் வந்தது.

நான் பி.காம். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

கதை 1889ல் ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் செறிவு வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்று வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு சமன்பாடு எழுதினார். சூடான சிர்கோனியா மின்சாரம் கடத்தும் என்று கண்டு விளக்கும் செய்தார். அதே சிர்கோனியாவை வைத்து பாஷ் செய்த சென்சார், 1976ல் அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில் ஏறியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்தக் கணக்கு பிசகினால் மூவழி கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யாது.

ஆனால் அந்த நேரோபேண்ட் சென்சார் 'உபரி' அல்லது 'பற்றாக்குறை' என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. வைடுபேண்ட் என்ன செய்கிறது? உள்ளே ஒரு குட்டி அறை. அங்கே ஆக்சிஜன் குறைந்தால் உள்ளே தள்ளும், கூடினால் வெளியே இறைக்கும், எப்போதும் கணக்கை நேர் செய்யும். அதற்குச் செலவான மின்னோட்டம்தான் விடை. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோமே, அதே மேட்டர்! 1992 மாடல் ஹோண்டா சிவிக் விஎக்ஸ் காரிலேயே இது வந்துவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த சங்கதி. ஆனாலும் நம் ஊரில் ஈயமில்லா பெட்ரோல், 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானபோதுதான் வந்தது. காரணம், ஈயம் பட்டால் கன்வெர்ட்டரும் சென்சாரும் செத்துவிடும். நாடு முழுக்க ஈயம் ஒழிய 2000 பிப்ரவரி ஆனது. 1995ல் நான் சென்னையில் கல்லூரி மாணவன். அதுவரை பஸ் ஸ்டாப்பில் எத்தனை வருஷம் அந்தப் புகையைக் குடித்திருப்பேன்! இயந்திரத்துக்குப் பத்தியம் வைத்ததில் மனுஷனும் பிழைத்தான்.

பட்டறைக்காரர் இந்த முறை குழாயின் மேல்பக்கம், சற்றுச் சாய்வாக, தண்ணீர் வடிந்துவிடும்படி வளையத்தைப் பற்றவைத்தார். "அப்பா, இப்போ டேலி ஆகுதா பாருங்க" என்றான் பையன். திரையில் 14.7.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நம் மூச்சுக்கும் யாராவது இப்படிக் கணக்குப் பார்த்திருக்கலாம், இல்லையா?