ஈழத்தவரின் சிதம்பர யாத்திரை

ஈழத்தவரின் சிதம்பர யாத்திரை என்பது மார்கழித் திருவாதிரை, ஆனி உத்தரம் ஆகிய இரு விழாக்களைக் காண யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கடல் கடந்து சிதம்பரம் வந்து, விழா முடியும்வரை தங்கிச் சென்ற வழக்கத்தைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் 'கோயில்' என்றாலே சிதம்பரம்தான் என்று கருதியவர்கள் பலர். வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே போய்வர வேண்டும் என்பது அவர்களின் நேர்த்தி.

கடல்வழி

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர் கடல். ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை போன்ற துறைகளிலிருந்து பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கடலூர் ஆகிய இடங்களுக்கு வணிகச் சரக்கோடு ஓடின. யாத்திரிகர்களும் அவற்றில் ஏறினர். வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் இறங்கினால் சிதம்பரம் வண்டியிலோ நடந்தோ போகும் தொலைவுதான்.

காற்றுதான் சிக்கல். ஆனியில் வீசும் சோளகம் வடக்கு நோக்கிப் போகும் கப்பலுக்குத் துணை. மார்கழியில் வீசும் வாடை எதிர்க்காற்று. புயல் அச்சமும் உண்டு. ஆனாலும் யாழ்ப்பாணத்தார் மார்கழி விழாவுக்கும் வந்தார்கள். மற்றக் கோயில்களில் வீதிக்கு வருவது உற்சவ மூர்த்தி; இங்கே மூலவரான நடராசரே தேரேறி வருகிறார். ஒன்பதாம் நாள் தேர், அன்றிரவு ஆயிரங்கால் மண்டபம், விடியுமுன் மகாபிஷேகம், பிறகு தரிசனம் என்று இரண்டு நாள் உறக்கமில்லாமல் கழியும். மல்லாரியோடு நாகசுரமும் தவிலும் முழங்க சுவாமி புறப்படும். விழா நாட்களில் மாணிக்கவாசகர் திருவுருவத்தை எழுந்தருளச் செய்து திருவெம்பாவை பாடுவார்கள்.

மடங்கள்

இசை விழாவுக்காக வெளிநாடு போய்க் கூடாரமடித்துத் தங்குவதை இக்காலத்து வழக்கம் என்று நினைக்கிறோம். ஜெர்மனியின் வாக்கன் சிற்றூரில் 1990 முதல் நடக்கும் ஹெவி மெட்டல் விழாவுக்கு உலகெங்குமிருந்து பல்லாயிரம் பேர் வந்து வயல்களில் முகாமிடுகிறார்கள். சிதம்பரத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார் கூடாரத்துக்குப் பதிலாக மடங்களைக் கட்டினார்கள். அவற்றின் செலவுக்கு யாழ்ப்பாணத்தில் வயல்களையும் தோட்டங்களையும் எழுதி வைத்தார்கள். ஒரு நாட்டு மண்ணின் விளைச்சல் இன்னொரு நாட்டில் யாத்திரிகருக்குச் சோறாயிற்று.

இந்த உறவின் தொடக்கத்தில் வைத்துச் சொல்லப்படுபவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.) போர்த்துக்கேய அதிகாரியின் உணவுக்கு வீட்டுக்கு ஒரு பசு கொடுக்க வேண்டும் என்ற முறை தம் வீட்டுக்கு வந்தபோது, அவர் இரவோடிரவாகக் கடல் கடந்தார் என்பது மரபு. துறவு பூண்டு சிதம்பரத்தில் தங்கிய அவர், சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். அங்குள்ள ஞானப்பிரகாசர் குளம் அவர் வெட்டியது.

நாவலரும் மஞ்சக்குப்பம் வழக்கும்

யாழ்ப்பாணத்தார் சிதம்பரத்தில் வெறும் விருந்தினராக இருக்கவில்லை என்பதற்கு ஆறுமுக நாவலரே (1822–1879) சான்று. 1864இல் அவர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கோயில் நடைமுறைகள் குறித்துத் தீட்சிதர்களோடு அவருக்குக் கடும் முரண்பாடு இருந்தது. திருமுறைகள் ஒலிக்கவேண்டிய இடத்தில் இராமலிங்க அடிகளின் பாடல்களை 'அருட்பா' என்று பாடுவதையும் எதிர்த்தார். 1869 ஆனி உத்தரத்தின்போது கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை அவதூறாகப் பேசினார்கள் என்று கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சபாநடேச தீட்சிதருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அடிகள் நீதிமன்றத்துக்குள் வந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்ற கதை சன்மார்க்க அன்பர்களிடையே வழங்குகிறது. நாவலரை மதிப்பவர்கள் அதை ஏற்பதில்லை. விழாவில் எதைப் பாடலாம் என்ற கேள்விக்காகக் கடல் கடந்து வந்த ஒருவர் நீதிமன்றம்வரை போனார் என்பதே இங்கு கவனிக்கத் தக்கது.

யார் உள்ளே போகலாம் என்ற கேள்வியும் இருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, ஒடுக்கப்பட்ட சாதியினர் எந்தக் கரையிலிருந்து வந்தாலும் கோயிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. உள்ளூரில் அவர்களுக்காகச் சுவாமி சகஜானந்தர் நந்தனார் மடத்தை நடத்தினார்.

எல்லையும் போரும்

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று காற்றை நம்பாமல் சிதம்பரம் வர முடிந்தது. வசதி பெருகிய அதே தலைமுறையில்தான் எல்லையும் வந்தது. இரு நாடுகளும் விடுதலை பெற்றபின் கடவுச்சீட்டு, விசா, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு ஆகியவை வந்தன. யாழ்ப்பாணத்து நிலத்தின் வருமானத்தைச் சிதம்பரத்து மடத்துக்கு அனுப்புவது எளிதாக இல்லை. 1964 டிசம்பரில், அதுவும் மார்கழி மாதத்தில், தனுஷ்கோடி புயலில் அழிந்தது. ராமேசுவரத்துக்கு மாற்றப்பட்ட கப்பல் சேவை 1980களில் போரால் நின்றது. அதன்பின் இக்கடலைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் அகதிகள்.

போக முடியாதவர்களுக்குக் காரைநகர் இருந்தது. அங்குள்ள சிவன் கோயிலை 'ஈழத்துச் சிதம்பரம்' என்கிறார்கள். மார்கழித் திருவாதிரையே அதன் பெருவிழா. புலம்பெயர்ந்த காரைநகர்க்காரர்கள் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இப்போது அங்கே வருகிறார்கள்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. நவம்பரில் வானிலை காரணமாக நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. அந்த ஆண்டின் மார்கழித் திருவாதிரை ஜனவரி 13 அன்று. வாடைக் காலத்தில் கப்பல் இல்லை.