ஆய்வுகூடக் குரங்கும் மிருக வைத்தியமும்: ஒரு வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாறு தடுப்பு மருந்துகளைக் கண்டவர்களின் பெயர்களைப் போற்றி வைத்துள்ளது. அம்மருந்துகளின் பொருட்டுக் கூண்டில் அடைபட்ட குரங்குகளை நோயினின்றும் காக்க முயன்ற மிருக வைத்தியத்தின் வரலாறோ பெரிதும் பேசப்படாததொன்றாகும். அப்பராமரிப்பு யாருடைய நலன் கருதித் தோன்றியது என்பதே இங்கு நோக்கற்பாலது.

ஆய்வுகூடங்களிற் பெரிதும் பயன்பட்டது வட இந்தியாவில் மிகுதியாக வாழும் ரீசஸ் குரங்காகும். இயற்கைச் சூழலில் வாழும்போது அதனிடத்துக் காசநோய் அரிதாகவே காணப்படும். பிடிபட்டு, மனிதரோடு நெருங்கி, நெரிசலான கூண்டுகளில் அடைபட்ட பின்னரே அந்நோய் அதனைப் பற்றுகின்றது. பற்றியபின் கூட்டம் முழுவதையும் விரைந்து தொற்றுகின்றது. 1938இல் அமெரிக்க அறிஞர் கார்ப்பென்டர் ஏறத்தாழ 400 குரங்குகளை இந்தியாவிலிருந்து கொணர்ந்து, புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்துள்ள கயோ சந்தியாகோத் தீவில் விட்டமைக்கு, ஆய்வுக்கேற்ற நோயற்ற குரங்குகளைப் பெருக்கும் நோக்கமும் ஒரு காரணமாகும்.

அச்சம் மறுபுறத்தும் இருந்தது. 1932இல் குரங்கொன்றினாற் கடியுண்ட பிரெப்னர் என்னும் இளம் மருத்துவர் நியூயோர்க்கில் இறந்தார். குரங்குக்குப் பெருந்தீங்கு செய்யாத வைரசொன்று மனிதனுக்கு உயிர்க்கொல்லியாவதை அம்மரணம் உணர்த்தியது. அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே அது 'பி வைரசு' எனப்பட்டது.

இவ்விரு அச்சங்களின் நிழலிலேயே பராமரிப்பு முறைகள் வளர்ந்தன. புதிய குரங்குகள் தனிமைப்படுத்தப்பட்டன. ரியூபர்க்குலின் என்னும் சோதனை மருந்து மேலிமைத் தோலில் ஏற்றப்பட்டது. மீண்டும் பிடிக்காமலே வீக்கத்தைக் கூண்டுக்கு வெளியே நின்று காணலாம் என்பதே அதன் வசதி. எனினும் வீக்கம் கண்ட குரங்கு பொதுவாகக் குணப்படுத்தப்படவில்லை, கொல்லப்பட்டது. மிருக வைத்தியர் காத்தது கூட்டத்தையும் ஆய்வையுமேயன்றி அந்நோயாளியையன்று.

போலியோத் தடுப்பு மருந்துக்குரிய வைரசு குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்க்கப்பட்டமையால், 1950களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. 1955 ஜனவரியில் இலண்டன் விமான நிலையத்தில் 394 குரங்குகள் மூடிய வாகனமொன்றில் மூச்சுத்திணறி மாண்டன. இந்தியா ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்தி, உறுதிமொழிகள் பெற்ற பின்னரே மீண்டும் அனுமதித்தது. கதிர்வீச்சுச் சோதனைகளில் அவ்வுறுதி மீறப்பட்டதென்ற குற்றச்சாட்டையடுத்து, 1978 ஏப்ரில் 1 முதல் ஏற்றுமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

இத்தடை ஒரு திருப்பமாகும். குரங்கு எளிதிற் கிடைத்தவரை, இறந்ததன் இடத்தை இன்னொன்று நிரப்பிற்று. அருமையான பின்னர், அமெரிக்காவில் இனப்பெருக்க நிலையங்கள் முக்கியத்துவம் பெற்றன. மகப்பேறும் குட்டிகளின் வளர்ச்சியும் மிருக வைத்தியரின் பெரும்பணியாயின. வலையும் தோற்கையுறையும் கொண்டு போராடிப் பிடித்த நிலையை, 1970களில் பரவிய கெற்றமின் மயக்கமருந்து பெரிதும் தணித்தது. 1966இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் 1985இல் திருத்தப்பட்டபோது, குரங்கினத்தின் உளநலத்துக்கேற்ற சூழலை அமைப்பதும் கடமையாயிற்று.

மனிதனைக் காக்கத் தோன்றிய பராமரிப்பு, காலப்போக்கில் குரங்கையும் துன்புறும் உயிராக ஏற்றுக்கொண்டது எனலாம். ஆயினும் கருணை மட்டும் இம்மாற்றத்தை விளைவிக்கவில்லை. தொற்றச்சமும் தட்டுப்பாடும் சட்டமும் அதனை முன்தள்ளின. நலம்பெற்ற குரங்கு மீண்டும் பரிசோதனைக்கே செல்கின்றது என்னும் முரண்பாடோ இன்றும் தீர்ந்தபாடில்லை.