பெரட்டுக் களமும் தொண்டர் படையும்: கெடாத் தோட்டங்களின் ஆபத்துக்கால ஆயத்தம் குறித்து ஒரு மறுவாசிப்பு

மலாயாத் தோட்டப்புறத் தமிழரைப் பற்றி எழுதிவந்த ஆய்வாளர் பலரிடையே, சில இடங்களில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டும் வேறு சில இடங்களில் சொல்லாமலே ஏற்கப்பட்டும் நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் அதிகார நிழலிலேயே பல தலைமுறை வாழ்ந்துவிட்டதால், வெள்ளமோ கொள்ளைநோயோ யுத்தமோ எது வரினும் முன்கூட்டித் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பழக்கத்தை அந்த மக்கள் இழந்துவிட்டனர் என்றும், மேலிருந்து வரும் கட்டளைக்கும் உதவிக்கும் காத்திருப்பதே அவர்களுடைய சுபாவமாகிவிட்டது என்றும் அந்த அபிப்பிராயம் கூறும். கெடா மாநிலத்துத் தோட்டங்களில் 1941 முதல் 1948 வரை நடந்தவற்றை, குறிப்பாகத் தொண்டர் படை என்ற அமைப்பின் குறுகிய சரித்திரத்தை, சற்று நிதானமாக நோக்கினால் இக்கூற்று நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிடைக்கும் ஆதாரங்கள் சொற்பமாகவும் ஒருதலைப்பட்சமாகவும் இருப்பதால், இங்கே கூறப்படுவனவற்றில் ஒரு பகுதி அனுமானமே. ஆயினும் எதிர்த்தரப்பார் கொண்டிருக்கும் அனுமானத்தைவிட இது வலுவுடையது என்று கருதுகிறேன்.

முதலில், யுத்தத்திற்கு முன்பிருந்த தோட்டத்தில் ஆயத்தமே இல்லை என்று சொல்வது தவறு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நிற்க, செக்ரோலில் பெயர் பெயராகக் கிராணி குறித்துக்கொள்ள, வராதவன் ஏன் வரவில்லை என்று தண்டல் என்ற மேற்பார்வையாளன் லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவர, காய்ச்சல்காரனை டிரஸர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அரிசி துரையின் ஸ்டோரிலிருந்து அளந்து கொடுக்கப்பட்ட அந்த ஏற்பாடு, பால்மரம் வெட்டுவதற்காகவே அமைந்ததாயினும், ஒரு ஜனத்தொகையில் யார் எங்கே எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நாள்தோறும் அறிந்திருந்த ஏற்பாடாகவும் இருந்தது. மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் நடத்திக்காட்டிய மலேரியாத் தடுப்பு முறைகள் தோட்டங்களுக்குப் பரவி, வடிகால் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் அன்றாட வேலைகளில் சேர்ந்தன. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிய தொழிற்சட்டங்களும் வந்தன. அக்காலத்து மலாய்க் கிராமம் எதிலும் இத்தனை கண்காணிப்பு இருந்திருக்காது. குறை வேறிடத்தில் இருந்தது: இந்த ஏற்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் நிர்வாகத்துக்குச் சொந்தம், அதில் மக்களுக்குச் சொந்தமானது ஒன்றுமில்லை.

1941 டிசம்பர் அதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது. டிசம்பர் 8 அன்று சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்களில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 11, 12 தேதிகளில் ஜித்ராவில் போர் முறிந்தது. அடுத்த சில நாட்களில் குரூணும் வீழ்ந்து, பிரிட்டிஷ் சேனை மூடா ஆற்றைக் கடந்து தெற்கே பின்வாங்கியது. பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மாத்திரம் இரவோடிரவாகக் கப்பலேற்றப்பட்டதும் அதே வாரத்தில்தான். துரைமார் போனதும், மேலே கூறிய ஏற்பாடு முழுவதும் ஒருங்கே நின்றுபோயிற்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்துகொண்டிருந்த காலம் அது. கெடாவோ நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற நாடு. அந்த நாட்டின் நடுவே, வயல்வெளிக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த தோட்டத்து மக்கள் பெரும்பாலும் ரங்கூன் அரிசியையே துரையின் ஸ்டோரில் வாங்கி உண்டுவந்தார்கள். ஆகவே ஸ்டோர் மூடப்பட்டவுடன், பக்கத்தில் நெல் விளைந்தும் அவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கே கதியாயிற்று. எண்ணெய் தெளிப்பது நின்றதும் மலேரியா மீண்டது. 1942 முதல் சயாம் ரயில்பாதைக்கு, முதலில் வாக்குறுதி கூறியும் பின்னர் பலாத்காரமாகவும் ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டபோது, முறையிடுவதற்கு ஒரு பழைய அலுவலகம்கூட இந்த மக்களுக்கு மிஞ்சவில்லை. ஆண்கள் கொண்டுபோகப்பட்ட லயங்களில் கிழங்கு நட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். சுபாவத்தால் காத்திருக்கும் சமூகம் என்று எழுதியவர்கள் இந்த மூன்றரை வருஷங்களை எவ்வாறு கடந்து சென்றார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இப்பின்னணியில்தான் தொண்டர் படையை வாசிக்க வேண்டும். யுத்தம் முடிந்த பின், பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் அது தோன்றி மத்திய கெடாத் தோட்டங்கள் பலவற்றில் பரவியது. சீருடையும் அணிவகுப்பும் கட்டுப்பாடும் கொண்ட இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு நேர்ந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச்சில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் வேலைநிறுத்தமும் அதைத் தொடர்ந்து கைதுகளும். ஏப்ரலில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிப் பிரயோகம், மீண்டும் ஒரு மரணம். இவ்வளவும் துறையறிந்த செய்திகள். இவற்றிலிருந்து முந்தைய ஆய்வாளர்கள் இரு முடிவுகளில் ஏதேனும் ஒன்றுக்கே வந்திருக்கிறார்கள்: ஒன்று, இது காந்திய மரபில் வந்த மதுவிலக்கு இயக்கம், மற்றொன்று, இது 1948-இன் பொதுவுடைமையாளர் கலகத்துக்கு ஒத்திகை. இரண்டு முடிவுகளும் ஒரே மூலாதாரத்திலிருந்து, அதாவது போலீஸ் இலாகாவும் தொழில் இலாகாவும் தோட்ட முதலாளிகளும் எழுதிவைத்த அறிக்கைகளிலிருந்து பிறந்தவை.

அந்த அறிக்கைகளின் இயல்பை முதலில் கணிக்க வேண்டும். சட்டத்தோடு மோதிய இடத்தில் மாத்திரமே அவை இந்த அமைப்பைக் கண்டன. கள்ளுக்கடை உரிமம் பெற்ற ஸ்தாபனமாதலால் அதன் வாசலில் நடந்தது குற்றமாகப் பதிவாயிற்று. லயத்தில் யார் விழித்திருந்தார், காய்ச்சல்காரனை யார் தூக்கிச் சென்றார், அரிசிப் பங்கீடு குறைந்த மாதத்தில் யாருடைய வீட்டில் அடுப்பெரியவில்லை என்று யார் விசாரித்தார் என்பனவற்றை எந்த போலீஸ் அதிகாரியும் எழுதிவைத்திருக்கமாட்டார். இவையெல்லாம் நடந்தன என்று நான் சாதிக்கவில்லை. எழுதப்படாமையை நடவாமைக்குச் சாட்சியாகக் கொள்ளும் முறை பிழையானது என்று மட்டுமே சொல்கிறேன். நாம் செய்யத்தக்கது, மோதலை விட்டுவிட்டு அமைப்பின் வடிவத்தை நோக்குவது.

வடிவத்தை நோக்கினால் என்ன தெரிகிறது? பெயர் பதிந்த உறுப்பினர், குறித்த வேளையில் கூடும் வழக்கம், கட்டுப்பாட்டுக்குக் கீழ்ப்படிதல், ஒரு தோட்டத்தார் மற்றொரு தோட்டத்தாருக்குத் துணைபோதல். இவற்றுள் முதல் மூன்றும் பெரட்டுக் களத்தில் முன்பே இருந்தவை. ஆனால் அங்கே அவற்றின் சூத்திரம் துரையின் கையில் இருந்தது. நான்காவது, பழைய ஏற்பாட்டில் அடியோடு இல்லாதது. ஒரு தோட்டத்து எல்லையைத் தாண்டி இன்னொரு தோட்டத்துக்குப் போவதே அனுமதியின்பாற்பட்ட விஷயமாயிருந்த காலத்தில், பீடோங் முதல் கூலிம் வரை ஒரே அழைப்புக்கு எழுந்து வரத்தக்க ஜனத்தொடர் உண்டானது, என் நோக்கில், கள்ளொழிப்பைவிடப் பெரிய காரியம். 1941-இல் தோட்டங்கள் தனித்தனித் தீவுகளாகவே கைவிடப்பட்டன. ஒரு லயத்தின் பசி அடுத்த தோட்டத்துக்குத் தெரியாது. அந்தக் குறையையே தொண்டர் படை நேராகச் சென்று நிரப்பியது.

கள்ளுக்கடை மறியலையும் இந்த ஒளியில் மறுபடி பார்க்கலாம். யுத்தத்திற்குப் பின் அரிசிப் பங்கீடு மிகச் சுருங்கி, கறுப்புச் சந்தையில் விலை எட்டாமல் போயிருந்த வேளையில், சம்பளப் பணம் அந்தி வேளையில் கள்ளுக்கடைக்குப் போகாமல் வீட்டில் தங்குவதென்பது ஒழுக்கத்தின் வெற்றி மாத்திரமன்று. ஒரு குடும்பத்தின் கையிருப்பு. ஸ்டோரை நம்பி வாழ்ந்து, ஸ்டோர் மூடப்பட்டதும் மக்கள் மடிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் கையிருப்பின் அர்த்தத்தை நம்மைவிட நன்கு அறிவார்கள். இந்தக் கருத்துக்கு நேரான எழுத்துச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் மதுவிலக்குப் பிரசாரம் மலாயா இந்தியரிடையே யுத்தத்திற்கு முன்பே பல்லாண்டு நடந்தும் தோட்டத்து இளைஞரை இப்படி அணிதிரட்டவில்லை, பஞ்சத்திற்குப் பிறகே திரட்டியது என்ற காலவரிசையை, தூய ஒழுக்க இயக்கம் என்ற விளக்கத்தால் பொருத்திக் காட்ட முடியாது.

இந்திய தேசிய ராணுவத்தைப் பார்த்து இவர்கள் வெறும் வேஷம் போட்டார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அணிவகுப்பை எங்கே கற்றார்கள் என்பது வேறு கேள்வி, அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கேள்வி. இதற்குமேல் அதற்குப் பதில் வேண்டியதில்லை. பொதுவுடைமையாளர் பின்னணியில் இருந்தார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். தொடர்பு இருந்திருக்கலாம், அக்காலத்துத் தொழிற்சங்கம் எதற்குத்தான் இல்லை? மூன்றாவது ஆட்சேபமே கனமானது. இந்தப் படை தன் சொந்த மக்களையே மிரட்டியது, குடித்தவரைத் தண்டித்தது, ஆகவே அதைச் சமூகத்தின் பாதுகாப்பு என்று கொண்டாடலாகாது என்பது அது. கட்டாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதனால் துன்பப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் பழைய தண்டலின் பிரம்பையும் இதையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது. தண்டலுக்குக் கட்டளை மேலிருந்து வந்தது, இவர்களுக்கு லயத்திலிருந்து வந்தது.

அரசாங்கம் எதைக் கண்டு அஞ்சியது என்பதும் கவனிக்கத்தக்கது. கள் விற்பனை குறைவதால் நேரும் நஷ்டத்துக்காக மட்டும் இத்தனை போலீஸ் பலம் பிரயோகிக்கப்பட்டது என்று நம்புவது கடினம். துரை இல்லாமலே ஒரு பெரட்டு நடக்கக்கூடும் என்பதே அவர்களைக் கலங்கச்செய்தது என்று நான் கருதுகிறேன். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானதற்குப் பின் நடந்தது இதற்கு ஒத்துவருகிறது: பழைய சங்கங்கள் கலைக்கப்பட்டன, 1950-க்குப் பின் மீள்குடியேற்றத்துக்கான பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்ச் சிதறியிருந்த லயங்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன, காவல், பெயர்ப்பதிவு, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் முன்னிலும் கடுமையாக ஏற்பட்டன. தொண்டர் படையின் உறுப்புகள் அத்தனையும் அங்கே மீண்டும் காணப்படுகின்றன, உரிமை மட்டும் கைமாறியிருக்கிறது. மக்கள் காத்திருக்கக் கற்றது சுபாவத்தால் அன்று. தாமாக எழுந்தபோது கிடைத்த அனுபவத்தால்.

பிந்திய சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்துக் குடும்பங்கள் பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப் பட்டாணிப் புறநகர்களுக்குப் பெயர்ந்தன, எஞ்சிய தோட்டங்களில் டிரஸரும் ஆஸ்பத்திரியும் அருகின. நிர்வாகம் தந்த பழைய ஏற்பாடு இவ்வாறு மறைய, அதன் இடத்தில் மக்களுக்கென ஒன்று வரவில்லை. 1997 மே 11 தேதியிட்ட தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் கட்டளை, பேரிடர் நிர்வாகத்தை மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என்ற மூன்று படிகளில் வகுத்து, மாவட்ட அதிகாரியின் தலைமையில் ஒரு குழுவை அடிப்படியாக வைத்தது. 2015-இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமும் ஏற்பட்டது. மாவட்டத்துக்குக் கீழே எச்சரிக்கை செல்லும் வழி பெங்ஹுலு என்ற வட்டாரத் தலைவர், கிராமத் தலைவர், கிராமக் குழு என்ற வழி. தோட்டமோ தனியார் நிலம். கிராம அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றிலிருந்து பல்லாண்டு அது விலக்கப்பட்டதும் இதே காரணத்தால். லயத்தில் வாழ்பவருக்குக் கிராமத் தலைவர் இல்லை; மானேஜர் இருந்தார், இன்று அவரும் பல இடங்களில் வேறு தோட்டத்தில் இருந்துகொண்டு மேற்பார்வை செய்பவர்.

2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலைச் சரிவிலிருந்து மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு யான் வட்டாரத்தின்மேல் இறங்கிய வெள்ளமும், 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்துக் குப்பாங் பகுதியைச் சூறையாடிய வெள்ளமும் மாலைப்பொழுதின் சில மணி நேரத்துக்குள் உயிர்களைக் கொண்டுபோனவை. மேலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்க அத்தகைய வெள்ளம் இடம் தராது. பக்கத்து லயத்தில் நடக்க இயலாத கிழவி யார், கைக்குழந்தைக்காரி யார் என்று முன்பே அறிந்திருப்பவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். ஜெராய் மலையின் ஒரு பக்கம் யான். மறுபக்கம், தொண்டர் படை பிறந்த பீடோங். இந்தத் தேவையைக் காட்டிவிட்டு, இதற்குத் தோட்ட மக்கள் இயல்பிலேயே தகுதியற்றவர்கள் என்று கூறும் நூல்கள் அதிகாரிகளின் மேசைகளை எட்டுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

கெடாவில் எஞ்சியிருக்கும் தோட்டங்களில், கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ இல்லாத தோட்டம் அரிது. திருவிழாவன்று சில ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்து, கூட்டத்தைக் காத்து, கணக்கும் எழுதிவைக்கும் இந்தச் சபைகள் லயத்து மக்களே தேர்ந்தெடுத்தவை. கோல மூடா, கூலிம், பாலிங், யான் மாவட்டப் பேரிடர்க் குழுக்கள், தோட்ட நிர்வாகத்தின் பிரதிநிதியோடு இச்சபைகளின் பிரதிநிதிக்கும் தனி இடம் ஒதுக்கி, எச்சரிக்கைச் செய்தி அவருக்கு நேராகச் சேருமாறு செய்ய வேண்டும்.