நோர்வேயில் இலக்கத் தகடும் துப்பாக்கி உரிமமும்

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை ஆதரிக்கும் வாசகமோ சின்னமோ பொறித்த சிறப்பு இலக்கத் தகட்டைக் கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிக் காரில் பூட்டிக்கொள்ளலாம். இதற்கென்று மாநிலச் சட்டமன்றங்கள் தனிச் சட்டம் இயற்றுவதுண்டு. கட்டணத்தில் ஒரு பங்கு துப்பாக்கிச் சங்கங்களுக்குப் போகும். கன்சாஸில் சுருண்ட பாம்புச் சின்னம் கொண்ட தகட்டின் பணம் அம்மாநில ரைபிள் சங்கத்துக்குச் சேர்கிறது. நோர்வேயில் இத்தகைய தகடு இல்லை. அங்கே தகடு என்பது வண்டியை அடையாளம் காண்பதற்கானது. துப்பாக்கி என்பது காவல்துறை ஆளைப் பார்த்துத் தரும் அனுமதி. இந்த இரண்டு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தகடு ஏன் இல்லை என்பது விளங்கும்.

தகட்டின் அமைப்பு

நோர்வேயின் முதல் தேசிய இலக்க முறை 1913இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, 'ஏ' தலைநகருக்கு. இன்றும் ஒஸ்லோவில் மன்னரின் காரில் 'ஏ 1' என்றே இருக்கும். 1971இல் இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட இப்போதைய முறை தொடங்கியது. எழுத்துகள் வண்டி முதன்முதலில் பதிவான அலுவலகத்தைச் சொல்லும். ஒஸ்லோ வண்டிகள் 'டி'யில் தொடங்கும். வண்டி கைமாறினாலும் தகடு மாறாது. ஆகவே வடகோடித் துரொம்சோவில் ஓடும் பழைய காரில் ஒஸ்லோ எழுத்தைக் காண்பது சாதாரணம். 2006 முதல் இடது ஓரத்து நீலப் பட்டையில் நோர்வேக் கொடியும் 'என்' எழுத்தும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு என்பதால் நட்சத்திர வட்டம் இல்லை.

நிறத்துக்கும் பொருள் உண்டு. வெள்ளையில் கறுப்பு எழுத்து பயணிகள் கார். பச்சையில் கறுப்பு எழுத்து சரக்கு வேன். நீலத்தில் மஞ்சள் எழுத்து தூதரக வண்டி. 1999 முதல் மின்சாரக் கார்களுக்கு 'ஈ.எல்.' என்ற தொடக்கம் ஒதுக்கப்பட்டது. பேருந்துத் தடத்தில் போகலாம், சுங்கம் கட்டவேண்டாம் என்ற சலுகைகள் அந்த வண்டிகளுக்கு இருந்ததால், சாலையில் நின்றே அவற்றை எண்ணக்கூடிய எழுத்தாயிற்று அது. அரசு ஒரு கொள்கையைத் தகட்டில் ஏற்றியதற்கு இதுவே மிக நெருங்கிய எடுத்துக்காட்டு. ஆனாலும் அது வண்டியின் எரிபொருளைச் சொன்னதே தவிர, ஓட்டுபவரின் மனத்தைச் சொல்லவில்லை.

2017 முதல் சொந்த விருப்ப எழுத்துகளையும் வாங்கலாம். இரண்டு முதல் ஏழு எழுத்து அல்லது இலக்கம். தொடக்கத்தில் பத்து ஆண்டுக்கு 9,000 குரோனர். வழக்கமான தகட்டோடு குழம்பக்கூடியதும் பிறரைப் புண்படுத்துவதும் மறுக்கப்படும். படம், சின்னம், சங்கப் பெயருக்கான தனி வடிவம் எதுவும் இல்லை; பணம் அரசுக்கே போகிறது.

தகடு யாருடைய பேச்சு

அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி பொறித்த தகட்டை டெக்சாஸ் மறுத்த வழக்கில், தகட்டில் உள்ளது அரசின் பேச்சே, ஆகவே அரசு மறுக்கலாம் என்று 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது.

ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழருக்கு இந்த வழக்கின் சாரம் புதிதல்ல. இலங்கையில் வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தை அரசு புகுத்தியபோது, 1958இல் தமிழரசுக் கட்சியினர் வடக்கிலும் கிழக்கிலும் அதைத் தார் பூசி அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகள்மேல் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில், பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. கையகலத் தகரத்தில் ஓர் எழுத்து எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

துப்பாக்கி உரிமம்

நோர்வே துப்பாக்கியை வெறுக்கும் நாடல்ல. மலைக்காட்டில் கடமான் வேட்டை ஊரே கூடும் இலையுதிர்காலக் காரியம். தன்னார்வத் துப்பாக்கிச் சுடுவோர் இயக்கம் 1893இல், நாட்டுப் பாதுகாப்பைக் கருதி நாடாளுமன்ற முடிவால் உருவானது. அதன் ஆண்டுப் போட்டியில் வெல்பவருக்கு மன்னரின் கோப்பை கிடைக்கும். பாதுகாப்புத் துறையின் வரவுசெலவிலிருந்தே இயக்கத்துக்கு மானியமும் உண்டு. கன்சாஸில் தகடு திரட்டித் தரும் பணத்தை இங்கே நாடாளுமன்றம் வெளிப்படையாக வாக்கெடுத்துத் தருகிறது. எனினும் அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை என்று ஒன்று எழுதப்படவில்லை. வேட்டைக்காரர் முப்பது மணிநேர வகுப்பில் அமர்ந்து தேர்வு எழுதவேண்டும். கைத்துப்பாக்கி கேட்பவர் சுடும் கழகத்தில் முனைப்பான உறுப்பினராக இருக்கவேண்டும். வாங்குவதற்குக் காரணம் காட்டவேண்டும். குடிக்கு அடிமையாகாதவர், நம்பத்தக்கவர் என்று காவல்துறை நிறைவடையவேண்டும். வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகத்தில் பூட்டிவைக்கவேண்டும்.

2011 ஜூலை 22

இந்த ஏற்பாட்டின் ஓட்டையும், தகட்டின் உண்மையான பயனும் ஒரே நாளில் தெரியவந்தன. பிற்பகல் 3.25க்கு ஒஸ்லோ அரசுக் கட்டட வளாகத்தில் குண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தனர். காவலர் உடையில், கையில் துப்பாக்கியோடு ஒருவன் சிறு வேனில் ஏறுவதைப் பார்த்த வழிப்போக்கர், பத்து நிமிடங்களுக்குள் காவல்துறைக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். தகட்டு எண்ணையும் சொன்னார். இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம். வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது. அது ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதப்பட்டு, கட்டுப்பாட்டு அறையின் மேசையில் ஏறத்தாழ இருபது நிமிடம் கிடந்தது. நாடு தழுவிய எச்சரிக்கை போனபோது மணி 4.43. ஐந்து மணி கடந்து, குண்டுவைத்த அவன் உத்தொயா தீவுக்குப் படகில் போய்ச் சேர்ந்தான். தொழிற்கட்சி இளைஞர் முகாமில் 69 பேரைக் கொன்றான். அவனிடம் இருந்த ரைபிளும் கைத்துப்பாக்கியும் உரிமம் பெற்றவை: ஒன்று வேட்டைக்கு, மற்றது கழகப் பயிற்சிக்கு. அன்று ஏரியில் நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் கம்சாயினி குணரத்தினம். இலங்கையில் பிறந்து மூன்று வயதில் நோர்வே வந்தவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அலெக்சாண்ட்ரா பெக் யோர்வ் தலைமையிலான விசாரணைக் குழு 2012 ஆகஸ்டில் தந்த அறிக்கை, அந்த மஞ்சள் தாளின் கதையைத் தயங்காமல் எழுதியது. அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யவும் பரிந்துரைத்தது. காவல்துறையின் தவறைக் காவல்துறையின் தவறு என்றே சொன்ன அந்த நேர்மை மதிக்கத்தக்கது. சட்டம் வரத்தான் தாமதமாயிற்று: 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2018இல் நாடாளுமன்றம் புதியதை நிறைவேற்றியது, அது 2021 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தீவில் பயன்படுத்தப்பட்ட ரைபிளின் வகையும் தடைப்பட்டியலில் சேர்ந்தது; வேட்டைக்கென்றே வடிவமைத்த சில அரைத் தானியங்கிகளும் போட்டியாளர்களுக்கான விலக்கும் நிலைத்தன. வைத்திருந்தவர்கள் ஒப்படைக்க மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது.