உறைபனியும் புங்கனூர்ப் பசுவும்

குளிர் உயிரைக் காக்கும் என்பதும், குளிர் உயிரைக் கொல்லும் என்பதும் ஒருங்கே உண்மை. மீன் கெடாதிருக்க அதைப் பனிக்கட்டியில் இட்டு வைக்கிறோம். ஆனால் இமயச் சாரலில் பனியில் அகப்பட்டவனுடைய விரல்கள் உறைந்து, கறுத்து, அற்று விழுகின்றன. முன்னதில் நாம் காப்பது உயிர் நீங்கிய உடலை. பின்னதில் அழிவதோ உயிருள்ள தசை. உயிருள்ள அணுவை உறைய வைத்து, பல்லாண்டு கழித்து மீண்டும் உயிரோடு எழுப்ப இயலுமா என்னும் வினாவுக்குத் தக்க விடை காண மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்விடையால் தீமையும் நன்மையும் ஒருங்கே எய்திய ஓர் உயிரினம், தமிழகத்தின் வடஎல்லையை அடுத்த சித்தூர்ச் சீமையில் இருக்கிறது. அதுவே புங்கனூர்ப் பசு.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில், வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய அம்மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. பழைய மாவட்டத்தின் மேற்கே, மைசூர் மேட்டுநிலத்தை ஒட்டி இருப்பது புங்கனூர். முன்னாளில் ஜமீனாக விளங்கிய ஊர் அது. மழை குறைவு, மேய்ச்சலோ காய்ந்த புல். அந்த நிலத்துக்கு ஏற்றவாறு அமைந்தது அவ்வூர்ப் பசு. மூன்றடியை ஒட்டிய உயரமும், சிறிய உடலும், குறைந்த தீனியில் நிறைவு காணும் இயல்பும் உடையது. அது தரும் பால் அளவில் சிறிது, கொழுப்பிலோ மிகுதி. ஏழைக் குடியானவனின் கொட்டிலுக்கு இதைவிடப் பொருத்தமான பசு அரிது.

இனிக் குளிரின் வரலாற்றைக் காண்போம். 1776இல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, விந்தணுக்களைப் பனியில் குளிர்வித்தபோது அவை அசைவற்றுப் போவதையும், வெப்பம் ஏறியதும் மீண்டும் அசைவதையும் கண்டார். ஆயினும் உறைநிலைக்கு வெகுவாகக் கீழே கொண்டு சென்று மீட்பது எளிதாக இல்லை. ஏன்?

நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் மிகுகிறது. ஆகவே, நீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பி உறைந்து வெடிப்பதுபோல உயிரணுவும் வெடித்துச் சாகிறது என்று பலர் எண்ணினர். உண்மை அதனினும் நுட்பமானது. சிறுவர் சுவைக்கும் குச்சி ஐஸை நோக்குங்கள். உறிஞ்ச உறிஞ்ச இனிப்பும் நிறமும் வாய்க்கு வந்துவிட, வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் எஞ்சுகிறது. பனிக்கட்டி தூய நீரையே தன்னுள் ஏற்கும். கரைந்திருக்கும் சர்க்கரையையும் உப்பையும் வெளியே தள்ளிவிடும். உடலின் திசுக்களிலும் இதுவே நிகழ்கிறது. பனிக்கட்டி முதலில் அணுக்களுக்கு வெளியே உண்டாகிறது. எஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறுகிறது. உப்பிட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதுபோல அணுவும் தன் நீரை இழந்து சுருங்குகிறது. அந்தக் கடுமையான உப்புநீரில் அதன் மெல்லிய சவ்வு சிதைகிறது.

அப்படியானால் விரைந்து உறைய வைத்தால் என்ன? அப்போது நீர் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது அணுவின் உள்ளேயே பனிப்படிகமாகி, உள்ளமைப்பைக் குலைத்துவிடுகிறது. மெதுவாகக் குளிர்வித்தால் உப்பால் கேடு. விரைவாகக் குளிர்வித்தால் உட்பனியால் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வோர் அணுவகைக்கும் ஏற்ற ஒரு வேகம் உண்டென்பதை 1972இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் மேஜரும் அவருடைய துணைவர்களும் தெளிவுபடுத்தினர்.

ஆனால் வழி அதற்கு முன்பே திறந்திருந்தது. 1949இல் லண்டன் மாநகரில், தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவர் சேவலின் விந்தை உறைய வைக்க முயன்று வந்தனர். சர்க்கரைக் கரைசல் என்று கருதி எடுத்த ஒரு குப்பியால் எதிர்பாராத வெற்றி கிட்டியது. சோதித்துப் பார்க்க, சீட்டு மாறியிருந்த அக்குப்பியில் இருந்தது கிளிசரின் கலந்த கரைசல் என்று தெரிந்தது. அதே நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லவ்லாக், இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு 1953இல் அதன் காரணத்தை விளக்கினார். கிளிசரின் அணுவினுள் புகுந்து, பனிக்கட்டியாகும் நீரின் அளவைக் குறைத்து, உப்பின் செறிவு மிகாமல் தடுக்கிறது. அதுவும் அளவு மீறினால் நஞ்சே.

1951இல் உறைவிந்தால் கருவுற்ற முதற் கன்று இங்கிலாந்தில் பிறந்தது. பின்னர், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் இதற்கு உரிய ஊடகமாயிற்று. அந்தக் குளிரில் உயிரின் இரசாயன மாற்றங்கள் யாவும் நின்றுவிடுகின்றன. ஓராண்டும் முப்பது ஆண்டும் அங்கே ஏறத்தாழ ஒன்றே.

இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவரால் தொடங்கப்பட்டது. அன்று விந்தை உடனுக்குடன் பயன்படுத்த வேண்டியிருந்தது. உறைய வைக்கும் முறை வந்தபின், கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சிக்குள் ஒரு பொலிகாளையின் வித்து அடங்கி, நாட்டின் எந்தக் கோடிக்கும் செல்லலாயிற்று. நம் சிற்றூர் மக்கள் சினை ஊசி என்று வழங்குவது இதனையே. இருசுவர்களுக்கிடையே வெற்றிடம் கொண்ட கலத்தில் திரவ நைட்ரஜனை நிரப்பி, அதனுள் குச்சிகளை மூழ்க வைப்பர். வேண்டும்போது ஒன்றை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் இட்டால், உறங்கிய அணுக்கள் விழித்துக்கொள்ளும்.

புங்கனூர்ப் பசுவுக்குத் துன்பம் வந்ததும் இந்தக் குச்சியின் வாயிலாகவே. நாட்டுக்குப் பால் மிகுதியாக வேண்டியிருந்தது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் உறைவிந்து கிராமந்தோறும் கிடைத்தது. கலப்பினப் பசு பல மடங்கு பால் கறந்தது. குடியானவன் செய்ததைக் குறை கூறுவதற்கில்லை. அவன் கணக்கு நியாயமான கணக்கே. ஆனால் ஒவ்வொரு கொட்டிலிலும் அதே கணக்குப் போடப்பட்டபோது, தூய புங்கனூர் இனம் தேய்ந்து, அருகிப்போன இனங்களின் வரிசையில் சேர்ந்தது.

கெடுத்த கருவியே காக்கும் கருவியாயிற்று என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. நாட்டு இனங்களின் வித்துக்களைக் குளிரில் சேமிக்கும் பணியை, 1984இல் நிறுவப்பெற்றுக் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் மேற்கொண்டுள்ளது. சித்தூர்ச் சீமையில் பலமநேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் மந்தை ஒன்றைப் பேணி வருகிறது. அதை நடத்துவது திருப்பதியில் உள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம். திருப்பதியின் கால்நடைக் கல்லூரி 1955இல் தோன்றியது. பல்கலைக்கழகம் 2005இல் அமைந்தது.

எனினும் வித்து மட்டும் இருந்தால் போதாது. காளையின் விந்து இனத்தின் பாதியையே சுமக்கிறது. பசுக்கள் அனைத்தும் அழிந்து, உறைவிந்து மட்டும் எஞ்சினால், வேறு இனப் பசுவுக்கு ஊசி போட்டு முதல் தலைமுறையில் பாதியும், இரண்டாவதில் முக்காலும், மூன்றாவதில் எட்டில் ஏழும் என்று ஏறவேண்டும். ஐந்தாம் தலைமுறையிலும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அயல் இரத்தம் நிற்கும். அதற்குள் பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றுவிடும். ஆகவே முழு இனத்தையும் சுமக்கும் கருவையே உறைய வைக்க அறிஞர் முனைந்தனர். 1972இல் எலியின் கருக்கள் உறைநிலையிலிருந்து மீண்டன. 1973இல் கேம்பிரிட்ஜில் உறைகருவிலிருந்து முதற் கன்று பிறந்தது.

மனிதக் கருவைப் பற்றிய செய்தியில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் ஒரு தலைகுனிவும் உண்டு. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியும் அவருடைய துணைவர்களும், உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவை 53 நாட்கள் உறைய வைத்துப் பின் தாயின் கருப்பையில் சேர்த்தனர். 1978 அக்டோபர் 3ஆம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அயல்நாட்டார் மனிதக் கருவை உறைய வைத்துக் குழந்தை கண்டது 1984இல்தான். ஆனால் அரசு அமைத்த குழு முகர்ஜியின் கூற்றை நம்ப மறுத்தது. அவர் 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, அவர் சாதனையை 1997இல் எடுத்துரைத்தவர் டாக்டர் ஆனந்த் குமார். 1986இல் பம்பாயில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்காக, இந்தியாவின் முதல் வெற்றி என்ற புகழைப் பெற்றிருந்தவர் அவரே. தமக்குக் கிடைத்த புகழை உரியவருக்கு விட்டுக்கொடுத்த அப்பண்பு போற்றத்தக்கது.

அதே வழியின் பயன் இன்று கால்நடைக்கும் கிட்டுகிறது. 2020இல் ஆந்திர அரசு, உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையால் புங்கனூர் இனத்தைப் பெருக்கும் திட்டத்தைப் பலமநேரில் தொடங்கிற்று. 2023இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கோசாலையில், கரு மாற்று முறையால் ஓங்கோல் பசு ஒன்று சாஹிவால் கன்றை ஈன்றது.

குளிரின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. தனி அணுவையும் சிறு கருவையும் உறைய வைக்கலாம். இதயம், சிறுநீரகம் போன்ற பெரிய உறுப்புகளில் பலவகை அணுக்கள் செறிந்திருப்பதால், ஒன்றுக்கு ஏற்ற வேகம் மற்றொன்றுக்கு ஏலாது. நடுப்பகுதியும் மேற்பகுதியும் ஒரே சீராகக் குளிர்வதுமில்லை. 1985இல், நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடிபோல் இறுகச் செய்யும் முறை எலியின் கருவில் வெற்றி கண்டது. 2023இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் அம்முறையால் எலியின் சிறுநீரகத்தைக் காத்து, மீண்டும் பொருத்தினர். மனித இதயத்துக்கு அது இன்னும் கைகூடவில்லை. அதே 2023இல் திருப்பதியின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனையில் முதல் இதய மாற்றுச் சிகிச்சை நடந்தபோது, வெளியூரிலிருந்து இதயத்தை விமானத்தில் விரைந்து கொண்டுவர நேர்ந்தது. குளிர்வித்த இதயம் சில மணி நேரமே தாங்கும். பசுவின் வித்து பல்லாண்டு காத்திருக்க, மனிதனின் இதயம் மாலை வரையிலும் காத்திராது.

புங்கனூர்ப் பசுவுக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜனவரியில் பிரதம மந்திரி தம் இல்லத்தில் இப்பசுக்களுக்குத் தீனி அளித்த படங்கள் வெளிவந்தபின், நகரத்தார் பலருக்கு இதன்மீது ஆசை பிறந்திருக்கிறது. ஆசைப்பொருளாக மட்டும் ஓர் இனம் நிலைக்காது. கலத்தில் உறையும் வித்து வறட்சியைக் காண்பதில்லை. புதிய நோயை எதிர்ப்பதில்லை. எந்தப் புல்லை மேய்வதென்று தாயிடம் கற்பதுமில்லை. அவையெல்லாம் கொட்டிலிலும் மேய்ச்சல் வெளியிலும் வாழும் மந்தைக்கே உரியவை. திரவ நைட்ரஜனும் ஓயாது ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாரேனும் ஒருவர் தவறாமல் நிரப்ப வேண்டும். ஒருமுறை மறந்தால் பல்லாண்டுச் சேமிப்பும் பாழ்.

ஆகவே குளிர் நமக்குத் தருவது அவகாசமே. அந்த அவகாசத்துக்குள், இந்தச் சிறு பசுவை வளர்ப்பவனுக்கு அதன் பாலாலும் எருவாலும் கன்றாலும் வாழ்வு கிடைக்கச் செய்தல் வேண்டும். அது நிகழுமாயின், கலத்தில் உள்ள வித்து மந்தைக்குக் காப்பாக நிற்கும். நிகழாவிடின், மந்தை இருந்ததற்குச் சாட்சியாக மட்டுமே எஞ்சும்.